இயல்பைப் பறிப்பதும் ஹிம்சையே

ஓர் உயிரைக் கொல்லாதிருத்தல் அறம் என்பதை ஏற்காதவர் நம்மில் இல்லை. வாயில்லா ஜீவனை அடிப்பது பாவம், பட்டினி போடுவது பாவம் என்று குழந்தைகளுக்கும் சொல்லித் தருகிறோம். நாம் சொல்லும் இந்த உதாரணங்களில் எல்லாம் ஒரு கை ஓங்குகிறது. அந்தக் கையில் கோலோ கத்தியோ இருக்கிறது. அதன் பின்னால் சினமோ பேராசையோ இருக்கிறது. ஆகவே ஹிம்சை எது, அதைச் செய்தவர் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை.

வேறொரு நிலையை எண்ணிப் பார்ப்போம். எவரும் கை ஓங்கவில்லை. எவரும் அந்த உயிரை வெறுக்கவில்லை. உயிரும் உடனே பிரிந்துவிடவில்லை. ஆயினும் ஒரு பறவை தன் துணையை அழைக்க மறக்கிறது. மற்றொன்று முட்டையிட்டும் அடைகாக்காமல் எழுந்து போகிறது. ஒரு பூனை தன் கால்களைத் தானே ஆள முடியாமல் சுழன்று விழுகிறது. காரணம், அவை உண்ட உணவில் கலந்திருந்த உலோகம். அது எங்கோ ஓர் ஆலையின் கழிவுநீரில் கலந்து வந்தது. இது ஹிம்சையா? ஆம் எனில், ஹிம்சை செய்தவர் யார்? அஹிம்சையைப் போற்றும் நாம் இக்கேள்விக்கு விடை தேடியாக வேண்டும்.

மினமாட்டாவின் பூனைகள்

ஜப்பானின் கியூஷு தீவில், ஷிரனுயி கடலின் கரையில் உள்ள ஊர் மினமாட்டா. மீன்பிடிப்பை நம்பி வாழ்ந்த சிற்றூர்கள் அதைச் சூழ்ந்திருந்தன. 1908-ஆம் ஆண்டு முதல் அங்கு ஒரு ரசாயன ஆலை இயங்கி வந்தது. பின்னாளில் சிஸ்ஸோ என்ற பெயரால் அறியப்பட்ட அந்த நிறுவனம், 1932-இல் அசிட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருளை அங்கு உற்பத்தி செய்யத் தொடங்கியது. அந்த உற்பத்தி முறைக்குப் பாதரசம் தேவைப்பட்டது. அதன் ஒரு பகுதி மீத்தைல் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாறி, கழிவுநீரோடு கடலில் கலந்தது.

1950-களின் முற்பகுதியில் மீனவர் குடியிருப்புகளில் இருந்த பூனைகளிடம் விந்தையான மாறுதல் தோன்றியது. அவை தள்ளாடின, வாயில் நுரை தள்ள, வட்டமாகச் சுழன்றன, சுவரில் மோதின, சில கடலில் விழுந்து மாண்டன. ஊரார் அதைப் 'பூனையாட்ட நோய்' என்று அழைத்தனர். 1954-இல் ஒரு சிற்றூரில் பூனைகள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்துபோய் எலிகள் பெருகிவிட்டதாக உள்ளூர் நாளிதழில் செய்தி வந்தது. காகங்கள் பறக்க இயலாமல் விழுந்தன. மீன்கள் செயலற்று மிதந்தன.

அதன் பின்னரே மனிதர்களின் நோய் உலகின் கண்ணில் பட்டது. 1956 மே 1 அன்று, காரணம் தெரியாத நரம்பு நோயால் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருப்பதாக ஆலையின் மருத்துவமனை சுகாதார நிலையத்துக்கு அறிவித்தது. அம்மருத்துவமனையின் தலைவராக இருந்தவர் டாக்டர் ஹஜிமே ஹொசோகாவா. கைகால் மரத்தல், பார்வை சுருங்குதல், பேச்சுக் குழறல், வலிப்பு என்று நோய் வளர்ந்தது. பிற்காலத்தில் குமமோட்டோ, ககோஷிமா ஆகிய இரு மாவட்டங்களில் 2,200-க்கும் மேற்பட்டோர் இந்நோயாளிகள் என அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டனர்.

பூனையும் மீனவரும் உண்டது ஒரே மீன். அடுப்படியில் தாய் குழந்தைக்கு ஊட்டியதும், மிச்சத்தைப் பூனைக்கு எறிந்ததும் ஒரே கடலிலிருந்து வந்தவை. எல்லா உயிரும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று நாம் தத்துவமாகக் கேட்ட உண்மை, அங்கு மிகக் கசப்பான முறையில் மெய்ப்பிக்கப்பட்டது.

கருவைத் தேடிச் செல்லும் நஞ்சு

உலோகங்களில் சில உடலுக்கு வேண்டியவை. இரும்பும் துத்தநாகமும் இல்லாமல் நாம் வாழ இயலாது. பாதரசம், ஈயம், காட்மியம் போன்றவற்றுக்கோ உயிருள்ள உடலில் செய்வதற்கு நல்ல வேலை ஏதும் இல்லை. மேலும் உலோகம் அழியாது. மட்குவதும் எரிந்து மறைவதும் அதற்கு இல்லை. நீர்நிலையின் சேற்றில் படிந்த பாதரசத்தை அங்குள்ள நுண்ணுயிர்கள் மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அதை நுண்ணிய பாசி ஏற்கிறது. பாசியைச் சிறு மீன் உண்கிறது. சிறு மீனைப் பெரிய மீன் உண்கிறது. ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிவடைகிறது. இறுதியில் மீனுண்ணும் பறவையின் உடலில் இருப்பது, நீரில் இருந்ததைப் போல் பன்மடங்கு.

மூளையைக் காக்க இயற்கை அமைத்துள்ள தடுப்பை மீத்தைல் பாதரசம் கடந்துவிடும். கருவைக் காக்கும் நஞ்சுக்கொடியையும் கடந்துவிடும். நஞ்சுக்கொடி கருவைக் காக்கும் அரண் என்றே அக்கால மருத்துவர்கள் நம்பியிருந்தனர். மினமாட்டாவில் நோய்க்குறி அதிகம் தென்படாத தாய்மார், கைகால் முறுக்கிய, பேச இயலாத குழந்தைகளைப் பெற்றபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. தாயின் உடலில் இருந்த நஞ்சைக் கரு வாங்கிக்கொண்டிருந்தது. பிறவியிலேயே வரும் மினமாட்டா நோய் உண்டு என்பது 1962-இல் உறுதியாயிற்று. மாசு மிகுந்திருந்த காலத்தில் அங்கு ஆண் குழந்தைகளின் பிறப்பு விகிதம் குறைந்திருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆண் கருக்கள் கருப்பையிலேயே அதிகமாக மடிந்திருந்தன.

பறவைகளிடத்தும் இதுவே நிகழ்கிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பீட்டர் ஃபிரெடெரிக், நில்மினி ஜயசேன என்னும் இரு அறிஞர்கள் 160 வெள்ளை அரிவாள் மூக்கன் பறவைகளை நான்கு கூட்டங்களாகப் பிரித்து மூன்றாண்டுகள் கவனித்தனர். ஒரு கூட்டத்துக்குத் தூய உணவும், மற்ற மூன்றுக்கு வெவ்வேறு அளவில் மீத்தைல் பாதரசம் கலந்த உணவும் தரப்பட்டன. அந்த அளவுகள், காட்டுச் சதுப்பு நிலங்களில் அப்பறவைகள் உண்ணக்கூடிய அளவுகளே. எந்தப் பறவையும் சுருண்டு விழுந்து சாகவில்லை. ஆனால் பாதரசம் உண்ட ஆண் பறவைகள், பெண்ணைக் கவர ஆடும் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டன. பெண் பறவைகள் அவற்றை நாடவில்லை. அதிக அளவு பெற்ற கூட்டங்களில் ஆண்களில் 55 விழுக்காடு வரை மற்றோர் ஆணுடனேயே கூடு கட்டின. அக்கூடுகளில் முட்டை இல்லை. முட்டையிட்ட இணைகளும் குறைவான குஞ்சுகளையே வளர்த்தன. ஆய்வு 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாயிற்று. இதை மனிதர்களின் வாழ்க்கையோடு பொருத்திப் பேசலாகாது என்று ஆய்வாளர்களே எச்சரித்துள்ளனர். நாம் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றே: பாதரசம் பறவையின் உயிரைத் தொடாமலே அதன் குலத்தைத் தொட்டது.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி ஏரிகளில் வாழும் லூன் என்னும் நீர்ப்பறவைகளைப் பற்றி 2008-இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. குருதியில் பாதரசம் மிகுந்த பறவைகள் சோர்ந்திருந்தன. கூட்டில் அமர்வதைக் குறைத்தன. பாதரசம் குறைந்த பறவைகளைவிட அவை 41 விழுக்காடு குறைவான குஞ்சுகளையே பறக்கும் பருவம் வரை வளர்த்தன. அந்த ஏரிகளின் கரையில் ஆலை இல்லை. நிலக்கரியும் குப்பையும் எரிந்து எழுந்த புகையே, மழையோடு அங்கு பாதரசத்தைக் கொண்டு சேர்த்தது.

கொலைக்கு முன் வரும் அறம்

திருவள்ளுவர் 'கொல்லாமை'க்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முந்தைய அதிகாரமாக 'இன்னா செய்யாமை'யை வைத்தார். இரண்டும் ஒன்றே என்றால் இரண்டு அதிகாரங்கள் எதற்கு? கொல்லாமல் விட்டுவிட்டாலே கடமை தீர்ந்தது என்று மனிதன் நினைத்துவிடக் கூடாது என்பதே அவ்வரிசையின் உட்பொருள் எனக் கொள்ளலாம்.

ஒவ்வோர் உயிருக்கும் தன் இயல்பு என ஒன்று உண்டு. அதை ஸ்வபாவம் என்கிறோம். பறவை பாடுவதும், ஆடுவதும், கூடு முடைவதும், அடைகாப்பதும் அதன் ஸ்வபாவம். அதற்கு வேறு வேள்வி இல்லை. வேறு தர்மமும் இல்லை. மனிதன் ஒரு வழியில் தவறினால் மற்றொரு வழியில் தன் வாழ்வைப் பொருளுடையதாக்கிக் கொள்ளலாம். பறவைக்கு அத்தகைய மாற்று வழி கிடையாது. ஆகவே அதன் உயிரை விட்டுவைத்து இயல்பை மட்டும் பறிப்பது, விளக்கை உடைக்காமல் திரியையும் எண்ணெயையும் எடுத்துவிடுவது போன்றது. விளக்கு அப்படியே இருக்கிறது. அது எதற்காக இருந்ததோ அது போய்விட்டது.

கொலை ஓர் உயிரோடு முடிகிறது. இயல்பின் அழிவோ பிறக்கவேண்டிய குஞ்சுகளையும், அவற்றுக்குப் பிறக்கவேண்டிய குஞ்சுகளையும் சேர்த்து அழிக்கிறது. அங்கே குருதி இல்லை, பிணம் இல்லை, ஓலம் இல்லை. ஒரு வசந்தத்தில் ஏரிக்கரை சற்று அமைதியாக இருக்கிறது, அவ்வளவே. கண்ணுக்குத் தெரியாததால் இதன் கனம் குறைந்துவிடுமா?

மினமாட்டாவின் பூனைகளை 'மனிதனுக்கு வந்த எச்சரிக்கை' என்றே பல நூல்களும் கூறும். அது மெய்யே. ஆனால் அப்பூனைகள் நமக்கு எச்சரிக்கை தருவதற்காகப் பிறந்தவை அல்ல. அவற்றின் வேதனை அவற்றுக்குச் சொந்தமானது. பின்னர் மனிதர் எவரும் நோயுறாமல் இருந்திருந்தாலும், அந்த வேதனை வேதனையே. ஆன்மா எங்கும் நிறைந்தது என்று சொல்லிவிட்டு, பிற உயிரின் துன்பத்தை நம் நலனுக்கான அறிகுறியாக மட்டும் எண்ணினால், நம் சொல்லுக்கும் நினைப்புக்கும் பொருத்தம் இல்லாது போகும்.

அறியாமையும் அறிந்து மறைத்தலும்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். "ஹிம்சைக்கு நோக்கம் வேண்டாமா? அந்த ஆலையில் எவரும் பூனையைத் துன்புறுத்த நினைக்கவில்லையே. அறியாமல் மிதிபட்ட எறும்புக்காக வழிப்போக்கனைக் கொலைகாரன் என்பதா?"

நோக்கத்துக்கு அறத்தில் முக்கிய இடம் உண்டு. ஆனால் அறியாமை என்பது நிலையான ஓர் இடம் அன்று. அது மாறிக்கொண்டே இருப்பது. முதலில் உண்மையாகவே தெரியாமல் இருக்கிறோம். பிறகு ஐயம் வருகிறது. பிறகு தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நம் பொறுப்பு கூடுகிறது.

மினமாட்டாவில் 1932-இல் தொடங்கியவர்களுக்கு இப்படியெல்லாம் நேரும் என்று தெரிந்திராது, அதை மன்னிக்கலாம். 1957-இல் அந்த விரிகுடாவின் மீனைத் தின்ற பூனைகள் அதே நோய்க்கு ஆளாவதைச் சுகாதார நிலையமே சோதித்துக் கண்டது. 1958-இல் ஆலை தன் கழிவுநீர் வெளியேறும் வழியை ஆற்றின் முகத்துவாரத்துக்கு மாற்றியது. அடுத்த ஆண்டு அந்தப் பகுதியிலும் நோய் பரவியது. 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு, கரிமப் பாதரசமே காரணம் என்று கூறியது. அதே ஜூலையில் டாக்டர் ஹொசோகாவா, ஆலைக் கழிவை உணவில் கலந்து 400 என்று எண்ணிட்ட ஒரு பூனைக்குக் கொடுத்து வந்தார். அக்டோபரில் அப்பூனை தள்ளாடியது, வலிப்புற்றுச் சுழன்றது. உண்மை ஆலைக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

நிர்வாகம் அச்சோதனையைத் தொடர விடவில்லை. முடிவு மறைக்கப்பட்டது. கழிவு கடலுக்குச் செல்வது 1968 வரை நீடித்தது. 1970-இல், புற்றுநோயால் மருத்துவமனைப் படுக்கையில் இருந்த ஹொசோகாவா, நீதிமன்றத்துக்காகச் சாட்சியம் அளித்து அந்தப் பூனையைப் பற்றிச் சொன்னார், அவ்வாண்டே காலமானார். 1973-இல் நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாளி எனத் தீர்ப்பளித்தது.

இவ்வரலாற்றில் அறத்தின் கோடு எங்கே கடக்கப்பட்டது என்பதைக் காண்பது கடினமன்று. 1959 அக்டோபருக்குப் பின் கடலில் விழுந்த ஒவ்வொரு துளியும் அறிந்தே விழுந்தது. கீதை தன் 18-ஆம் அத்தியாயத்தில் செயல்களை மூவகையாகப் பகுக்கிறது. பின்விளைவையும் இழப்பையும் பிறவுயிருக்கு நேரும் துன்பத்தையும் எண்ணாமல் மயக்கத்தால் தொடங்கப்படும் செயலைத் தாமசம் என்கிறது. எண்ணிப் பாராமையே இவ்வாறு இழிந்ததாயின், எண்ணி அறிந்த பின் தொடர்வதை எவ்வகையில் சேர்ப்பது?

மற்றொன்றையும் மறக்கலாகாது. நமக்கு இவ்வுண்மைகளைச் சொன்னவை, நஞ்சூட்டப்பட்ட பூனைகளும் பறவைகளும்தாம். அந்த அறிவை அவை மனமுவந்து தரவில்லை, நாம் எடுத்துக்கொண்டோம். அவ்வாறு பெற்ற அறிவை மறைப்பவனும், அறிந்த பின் செயலற்று இருப்பவனும் அவ்வுயிர்களுக்கு இரண்டாம் முறை தீங்கிழைக்கிறார்கள். அந்தக் கடனைத் தீர்க்கும் வழி ஒன்றே, தெரிந்ததன்படி நடப்பது.

"ஆலை இல்லாமல் சோறு ஏது?"

இன்னொரு மறுப்பும் உண்டு. ஆலைகள் இல்லாமல் வேலை இல்லை. உலோகம் இல்லாமல் நாகரிகம் இல்லை. மினமாட்டாவிலும் இப்படித்தான் பேசினார்கள். ஊரே ஆலையை நம்பி வாழ்ந்ததால், நியாயம் கேட்ட நோயாளிகளை அண்டை வீட்டாரே வெறுத்து ஒதுக்கினர்.

உலோகத்தைத் துறக்கச் சொல்ல எவராலும் இயலாது. கேட்க வேண்டிய கேள்வி, அதன் பயனை அடைபவர் யார், விலையைக் கொடுப்பவர் யார் என்பதே. பயன் ஒருவருக்கும் விலை மற்றொருவருக்கும் ஆகும்போது அங்கே அநீதி தோன்றுகிறது. விலை கொடுப்பது வாயில்லா ஜீவன் எனில், கணக்குப் பார்க்கவும் ஆளில்லை. வழக்குத் தொடுக்காத, ஊர்வலம் போகாத, வாக்களிக்காத ஓர் உயிரிடம் நாம் எப்படி நடக்கிறோம் என்பதுதான் நம் அறத்துக்கு உண்மையான சோதனை.

நம் வாசலில்

ஜப்பானையும் புளோரிடாவையும் சொல்லிவிட்டு நாம் விலகி நிற்க முடியாது. ஈயம் உருக்கும் இடங்களைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களில் பசுக்களும் எருமைகளும் ஈய நஞ்சுக்கு ஆளாவதை நம் நாட்டுக் கால்நடை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஈய நஞ்சேறிய மாடு பார்வை இழக்கும், பல்லைக் கடிக்கும், வட்டமாகச் சுற்றும், சுவரில் தலையை அழுத்தியபடி நிற்கும். கோமாதா என வணங்கும் நாம், பழைய பேட்டரியைக் கூடுதலாகச் சில ரூபாய் கிடைக்கிறதென்று கொட்டகையில் உருக்குபவரிடம் விற்கும்போது, அந்தச் சங்கிலியில் நாமும் ஒரு கண்ணியாகிறோம்.

வழிபாட்டிலும் இக்கேள்வி நுழைகிறது. விநாயக சதுர்த்திக்கும் துர்கா பூஜைக்கும் நாம் நீரில் கரைக்கும் பிரதிமைகளின் பளபளப்பான சாயங்களில் ஈயம், பாதரசம், காட்மியம் போன்றவை கலந்திருக்கக்கூடும். இதைக் கருதியே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் நெறிமுறைகளை வெளியிட்டு, 2020-இல் அவற்றைத் திருத்தியது. களிமண்ணும் இயற்கைச் சாயமும் நம் முன்னோர் வழக்கில் இருந்தவையே. தெய்வத்தை நீருக்கு அனுப்பும்போது நஞ்சையும் உடன் அனுப்பினால், அந்நீரில் வாழும் மீனிலும் தெய்வம் உறைகிறது என்பதை நாம் மறந்தவர்களாவோம்.

நாடு சில நல்ல அடிகளை எடுத்து வைத்துள்ளது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் கைவிடப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.-க்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2013-இல் ஏற்கப்பட்ட, பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் உறுதி செய்தது. சட்டம் வாசல் வரைதான் வரும். வாசலுக்குள் வரவேண்டியது நம் விவேகம். உடைந்த வெப்பமானியையும் எரிந்துபோன குழல்விளக்கையும் குப்பையில் எறியாமல் உரிய இடத்தில் சேர்த்தல், பேட்டரியை முறையான சேகரிப்பாளரிடம் ஒப்படைத்தல், பிரதிமைக்கு மண்ணும் மஞ்சளும் போதும் என்று நம் தெருவாரிடம் எடுத்துச் சொல்லுதல் ஆகியவை சிறியவை. ஆனால் அறிந்ததை நடைமுறைப்படுத்தும் சாதனை இவற்றிலிருந்துதான் தொடங்கும்.

கை எடுத்தால் இயல்பு திரும்பும்

கப்பல்களின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்க, வெள்ளீயக் கூட்டுப்பொருளான டிரைபியூட்டைல் டின் கலந்த வண்ணத்தைப் பூசி வந்தனர். ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஓரிரு பங்கு அது கலந்தாலே போதும். பாறைகளில் வாழும் ஒருவகைப் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது. முட்டை வெளிவரும் வழி அடைபட்டது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பல இடங்களில் அந்த நத்தைகள் அற்றுப்போயின. 1982-இல் பிரான்ஸும் 1987-இல் பிரிட்டனும் சிறு படகுகளுக்கு அவ்வண்ணத்தைத் தடுத்தன. உலகளாவிய உடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின், வெறிச்சோடிக் கிடந்த பல பாறைகளுக்கு நத்தைகள் மெல்லத் திரும்பின. முட்டைகளும் திரும்பின.

மினமாட்டாவிலும் நஞ்சேறிய சேற்றை அகற்றும் பணி 1990 வரை நடந்தது. மீன்கள் வெளியேறாதபடி விரிகுடாவில் கட்டியிருந்த வலை 1997-இல் எடுக்கப்பட்டது. பிறவி நோயோடு பிறந்தவர்களின் கைகால்கள் நேராகவில்லை. அது எந்த விதியாலும் நேராகாது. இழந்தது அனைத்தும் மீளும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது. ஆயினும் இடையூறு செய்த கையை எடுத்தால், உயிர் தன் இயல்பைத் தானே தேடிக்கொள்கிறது. அதற்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

பிற உயிருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி எப்போதும் உணவளிப்பதாகவோ அணைப்பதாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. அது அதுவாக வாழ வழிவிடுவதும் உதவியே. பறவை ஆடட்டும், அடைகாக்கட்டும், குஞ்சுகள் பறக்கட்டும். அதற்குத் தடையாக நம் கையிலிருந்து என்ன வெளியேறுகிறது என்று நாள்தோறும் ஒரு கணம் நின்று பார்ப்பது அஹிம்சா விரதத்தின் பகுதியே.